தன் நூலோடு மாறுபடும் சொல்

மணிமேகலையின் 29-ஆவது காதையைக் கதைக்காகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுவார்கள். அங்கே கதை நகர்வதில்லை. காஞ்சி நகரில் முதிய துறவியான அறவண அடிகள், பல சமயத்தாரின் வாதங்களையும் கேட்டுவிட்டு வந்திருக்கும் ஓர் இளம்பெண்ணுக்கு, எந்தச் சொல் நிற்கும், எந்தச் சொல் நிற்காது என்று வகைப்படுத்திச் சொல்லிக்கொண்டே போகிறார். இம்மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம்; புகை இருப்பதால் என்பது ஏது; அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இந்த மூன்றும் எங்கெங்கே பழுதுபடும் என்பதைப் பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10 என்று 33 போலிகளாக அவர் விளக்குகிறார். தத்துவத் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் எனக்கு, நடத்துவதற்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதை நடத்திய ஒரு வகுப்பில்தான், ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு நான் தெரிந்தே தவறான விடையைச் சொன்னேன். சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த விடை இன்னும் என்னை விடவில்லை.

பாடத்திட்டத்தில் இந்தக் காதை கிடையாது. வாதங்களை ஆராயும் இந்திய அளவையியல் தாளுக்கு அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகமே பாடநூல். நியாய மரபின் ஐந்து உறுப்பு அனுமானத்தை அதிலிருந்து நடத்தினால் தேர்வுக்குப் போதும். ஆனால் எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். வடமொழிக் கலைச்சொற்களை மனப்பாடம் செய்து எழுதினார்களே தவிர, அவை தாங்களும் நாள்தோறும் செய்யும் ஒரு செயலின் பெயர்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அதையே அறவண அடிகளின் வாயால் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் மணிமேகலையையும் சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்ற பௌத்த அளவையியல் நூலையும் மேசைமேல் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி ஒப்பிட்டு நடத்தினேன். வரிசை சற்று மாறினாலும் போலிகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. யுவான் சுவாங் 647-இல் சீனத்தில் மொழிபெயர்த்த அந்தச் சிறுநூலின் வடமொழி மூலம் பரோடாவிலிருந்து அச்சில் வெளிவந்தது 1930-இல்தான். உ.வே. சாமிநாதையர் 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது ஒப்பிட்டுப் பார்க்க அது அவர் கையில் அச்சுநூலாக இருந்திருக்க முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

அப்படி ஒப்பிடும்போதுதான் சிறு வேறுபாடுகள் கண்ணில் படும். உலகத்தார் அறிந்ததற்கு மாறாகப் பேசும் போலிக்கு மணிமேகலை, நிலவைச் சந்திரன் அன்று என்று சொல்வதை எடுத்துக்காட்டாகத் தருகிறது. நியாயப்பிரவேசமோ, மனித மண்டையோடு தூய்மையானது, சங்கைப் போல அதுவும் ஓர் உயிரின் உறுப்பு என்று வாதிடுவதைக் காட்டுகிறது. ஒரே நூலைத்தான் இருவரும் சொல்கிறார்கள் என்றால் எடுத்துக்காட்டு ஏன் மாறியது என்று அந்த மாணவி கேட்டாள். நிலவு எடுத்துக்காட்டு பௌத்த அளவையியலாளரான திக்நாகரின் வழியில் முன்பே வழங்கியது என்பதைக் கண்டு, அவளுக்குச் சொல்லும் அளவுக்கு நான் தெளிவதற்கு இரண்டு வார மாலைப் பொழுதுகள் நூலகத்தில் கழிந்தன. வகுப்பில் அந்த விடையைச் சொல்லப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு மணி நேரம் என்பது

கௌரவ விரிவுரையாளரின் ஊதியத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். விரித்துச் சொல்லப் போவதில்லை. நான் சொல்லும் ஆண்டில் என் தொகுப்பூதியம் மாதம் 20,000 ரூபாய், பதினோரு மாதங்களுக்கு. மே மாதத்துக்குப் பணியும் இல்லை, பணமும் இல்லை. அதே அறையில் அதே பாடத்தை நடத்த நிரந்தரப் பணியில் சேரும் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். கல்லூரி முடிந்த பிறகு வாரத்தில் மூன்று மாலைகளும் சனிக்கிழமையும் வேறொரு நிறுவனத்தின் பட்டய வகுப்பில் வடமொழித் தொடக்கப் பாடம் எடுத்தேன். அங்கே மணிக் கணக்கில் ஊதியம். மின்சார ரயிலில் நின்றுகொண்டே மறுநாளைய சுலோகத்தைப் பதம் பிரித்துக்கொள்வேன். இவையெல்லாம் என்னைப் போன்ற பலருக்கும் பொதுவானவை.

என் மனத்தில் தங்கியிருக்கும் வருத்தம் வேறு. பழைய மொழி ஒன்றைக் கற்பிப்பது கிணறு தோண்டுவதைப் போன்றது. முதலாண்டில் வேற்றுமை உருபுகளையும் வினைவடிவங்களையும் வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுக்கும்போது மாணவருக்கு மண்ணும் கல்லும்தான் கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் ஒரு மூலநூலின் ஒரு பக்கத்தைத் துணையின்றித் தானே படிக்கும் அன்றுதான் தண்ணீர் தெரியும். அதுவரை அருகில் நிற்கப்போகும் ஆசிரியர் ஒருவரே என்பது உறுதியாக இருக்க வேண்டும். எந்த மாணவர் எந்த இடத்தில் தடுக்கி விழுவார், யாருக்குப் புணர்ச்சி விதி வரும், யாருக்கு வராது என்பதெல்லாம் அந்த ஆசிரியருக்குத்தான் தெரியும். ஜூன் மாதந்தோறும் பணியாணை வருமா வராதா என்று காத்திருப்பவர் மூன்றாம் ஆண்டைப் பற்றி எப்படித் திட்டமிடுவார்? எனக்குத் தெரிந்த ஒரு பட்டய வகுப்பில் இரண்டு ஆண்டுகளில் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் எழுத்துகளிலிருந்து தொடங்கினார்கள். மாணவர்கள் எழுத்துகளோடு நின்றுபோனார்கள். இதில் அந்த ஆசிரியர்கள்மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தங்களுக்கு முன் இருந்தவர் எதுவரை நடத்தினார் என்று அவர்களிடம் சொல்ல ஆளில்லை.

மெதுவாகப் படிக்க வேண்டிய நூல்களைப் படிப்பவருக்கு யார் சோறு போடுவது என்ற கேள்வி புதிதன்று. தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கிய சிவஞான முனிவருக்குத் திருவாவடுதுறை ஆதீனம் இருந்தது. சாமிநாதையர் 1880-இல் தியாகராச செட்டியாரின் இடத்தில் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்து 1903 வரை அங்கே பணியாற்றினார். மணிமேகலைப் பதிப்பு அந்த இருபத்து மூன்று ஆண்டுகளுக்குள் வந்தது. பௌத்தக் கருத்துகளை அவர் மளூர் ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். இரண்டு அறிஞர்கள் பல நாள் உட்கார்ந்து, ஒருவர் தமிழ் வரியைப் படிக்க மற்றவர் அதன் தத்துவப் பொருளைச் சொல்ல, அப்படி உருவான நூல் அது. பழைய ஏற்பாடுகள் எல்லாமே நல்லவை என்று நான் சொல்லவில்லை. மடத்தின் திண்ணையில் என் மாணவிக்கு இடம் கிடைத்திருக்காது, எனக்கும் கிடைத்திருக்காது. அரசுக் கல்லூரி கதவைத் திறந்ததால்தான் நாங்கள் இருவரும் அறவண அடிகளின் முன் வந்து உட்கார முடிந்தது. அந்தக் கதவை எத்தனையோ பேர் பாடுபட்டுத் திறந்து வைத்தார்கள் என்பதால்தான் உள்ளே நடப்பதைப் பற்றி எனக்கு இவ்வளவு கவலை.

அவள் கேட்ட கேள்வி

அந்த வகுப்பில் மொத்தம் ஆறு பேர். தனி வகுப்பறை கிடைக்காத நாள்களில் துறை அறையிலேயே நாற்காலிகளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு படிப்போம். மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் துறைத்தலைவரின் மேசை இருக்கும். பக்கப் போலிகளில் சுவசன விருத்தத்தை முந்தைய வகுப்பில் நடத்தியிருந்தேன். தன் சொல்லே தன் சொல்லோடு மாறுபடுவது அது; என் தாய் மலடி என்று ஒருவன் சொல்வது நூல் தரும் எடுத்துக்காட்டு. ஆளுக்கொரு புதிய எடுத்துக்காட்டை யோசித்துக்கொண்டு வரும்படி சொல்லியிருந்தேன். நான் எப்போதும் பேசுவதில்லை என்றான் ஒருவன். எழுதப்படிக்கத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தைச் சொன்னாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அன்று காலைதான் அந்த ஆண்டுக்கான பணியாணையின் நகலை அலுவலகத்தில் வாங்கியிருந்தேன். அது என் புத்தகங்களுக்கு இடையே மேசையில் கிடந்தது. அவளுடைய முறை வந்தபோது அவள் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, உண்மையான ஐயத்தோடு கேட்டாள்: “மேடம், ‘இந்தப் பணி முற்றிலும் தற்காலிகமானது, ஒன்பதாவது ஆண்டாகத் தொடர்கிறது’ன்னு ஒருத்தர் சொன்னா, அது சுவசன விருத்தம் ஆகுமா?”

அறை அமைதியாயிற்று. தடுப்புக்கு அப்பால் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. நான் உடனே, “அதெல்லாம் அளவையியல் எடுத்துக்காட்டு ஆகாதும்மா, வேற சொல்லு” என்றேன். அவள் தலையசைத்துவிட்டு, சற்று நேரம் யோசித்து, பாடநூலில் இருந்த எடுத்துக்காட்டையே திரும்பச் சொன்னாள். நான் சரி என்றேன். பாடம் தொடர்ந்தது.

அளவையியல் எடுத்துக்காட்டு ஆகாது என்று நான் சொன்னதற்கு எந்த ஏதுவும் என்னிடம் இல்லை. அது வாக்கியம், அதற்கு ஒரு பொருள் உண்டு, அது போலியா இல்லையா என்று ஆராயலாம். அந்த ஆண்டு முழுவதும் மாணவர்களிடமிருந்து நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வியே அதுதான். படித்த நூலைத் தன் கண்முன் இருக்கும் ஒரு தாளின்மேல் வைத்துப் பார்க்கிறாள் ஒரு பெண். அப்போது நான் பயந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. துறைத்தலைவர் பிற்பாடு அதைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. மிரட்ட ஆள் வேண்டிய அவசியமே இல்லாத பயம் அது. அடுத்த ஜூன் மாதம் என் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற எண்ணம், நான் யோசிப்பதற்கு முன்பே என் வாயைத் திறந்து பேசிவிட்டது. குறைந்த ஊதியத்தோடு ஓர் ஆசிரியர் நல்ல பாடம் எடுத்துவிட முடியும், பலர் எடுக்கிறார்கள். ஆனால் ஒரு வாதம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே மாணவரோடு கூடவே நடந்துபோக முடியாத ஒருவர் தத்துவம் கற்பிக்க முடியாது. வேறு பாடங்களில் இந்தப் பயம் வகுப்பறைக்கு வெளியே நின்றுவிடக்கூடும். எங்கள் பாடத்தில் அது பாடத்தின் நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்த வாரம் அதை எடுத்துத் திருத்திச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். போர்ஷனை முடிக்க வேண்டியிருந்தது, பிறகு உள்மதிப்பீட்டுத் தேர்வு வந்தது, ஏப்ரல் வந்தது. ஏதுப் போலி பதினான்கையும் நடத்தாமலே அந்தப் பருவம் முடிந்தது. மறு ஆண்டு எனக்கு வேறொரு கல்லூரியில் பணி கிடைத்தது.

எந்தப் போலி

அவள் கேள்விக்கு விடை என்ன என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். முதலில், அது சுவசன விருத்தம் ஆகாது. மலடி என்ற சொல்லுக்குள்ளேயே தாய் அல்லாமை இருக்கிறது. தற்காலிகம் என்ற சொல்லுக்குள் ஒன்பது ஆண்டு அல்லாமை அப்படி அடங்கியிருக்கவில்லை. ஆணை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எழுதப்படுகிறது; ஒவ்வோர் ஆணையும் பதினோரு மாதத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது; நடுவில் மே மாதம் என்ற வெட்டு இருக்கிறது. தனித்தனியாக எடுத்தால் எந்த ஆணையும் தன்னோடு மாறுபடவில்லை. ஒருவேளை அந்த மே மாதம் இருப்பதே இந்த மாறுபாடு ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிடாமல் இருப்பதற்காகத்தான் என்றுகூட எனக்குத் தோன்றியது.

அடுத்து, காட்சிக்கு மாறுபடும் பிரத்தியக்க விருத்தமா என்று பார்த்தேன். ஒலி செவிக்குப் புலப்படாது என்பது அதற்கு எடுத்துக்காட்டு. ஒன்பது ஆண்டுகளாக ஒருத்தி அதே ரயிலில் ஏறி அதே அறைக்கு வருவதை எல்லாரும் பார்க்கிறார்கள். ஆனால் தற்காலிகம் என்பது கண்ணால் காணும் பொருள் அன்று. அது ஒரு ஏற்பாட்டின் பெயர். ஆகவே இதுவும் பொருந்தவில்லை. உலக விருத்தம் ஓரளவு நெருங்கி வருகிறது. இருந்தாலும், உலகம் இந்த வழக்கத்துக்குப் பழகிவிட்டது என்பதால் அதை உலகத்தோடு மாறுபட்டது என்று சொல்லத் தயங்கினேன்.

கடைசியில் நான் வந்து நின்ற இடம் ஆகம விருத்தம். தான் ஏற்றுக்கொண்ட நூலுக்கு மாறாகத் தானே பேசுவது அது. ஒலி அநித்தியம், அதாவது நிலையற்றது, என்பது வைசேடிகர் என்ற தத்துவ மரபினருடைய நூல்முடிவு. வைசேடிகரே அது நித்தியம் என்று சொன்னால், அந்தச் சொல் வேறு யாரோடும் மாறுபட வேண்டியதில்லை, அவருடைய நூலே அதை வீழ்த்திவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, மிகவும் தேவைப்படும்போது மட்டுமே ஒப்பந்த முறையில் ஆசிரியர்களை அமர்த்த வேண்டும் என்றும், அவர்களின் எண்ணிக்கை மொத்த ஆசிரியப் பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், அவர்களுக்கான ஊதியம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்த மாத ஊதியத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. எங்கள் துறையில் நாங்கள் கௌரவ விரிவுரையாளர்கள் மூவர், நிரந்தரப் பேராசிரியர் ஒருவர். நூல் ஒன்று சொல்கிறது, ஆணை வேறொன்று சொல்கிறது.

தடையும் விடையும்

சென்ற ஆண்டு அந்த மாணவி என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். 2019 முதல் அந்தத் தேர்வின் முதல் தாளில், எந்தப் பாடத்துக்காரராக இருந்தாலும், இந்திய அளவையியலும் ஏதுப் போலிகளும் கட்டாயம். வேதியியல் படித்தவரும் வணிகவியல் படித்தவரும் ஏதுப் போலிகளைப் படிக்கிறார்கள். அவளுடன் படிக்கும் தோழிகளுக்கு அவள்தான் அவற்றைச் சொல்லிக்கொடுக்கிறாளாம். ஏதுப் போலிகளில் ஓர் ஐயம் கேட்டாள். அதைத் தீர்த்த பிறகு, நான் அந்தப் பழைய நாளை நினைவூட்டி, அன்று நான் சொன்னது தவறு, உன் கேள்வி அளவையியல் கேள்விதான், பயத்தினால் அப்படிச் சொன்னேன் என்று சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “எனக்கு அப்பவே தெரியும் மேடம்” என்றாள். தொடர்ந்து, “சரி, அது என்ன போலி?” என்று கேட்டாள்.

நான் என் ஆகம விருத்தத்தை விளக்கினேன். அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து வாட்ஸாப்பில் நீண்ட செய்தி ஒன்றை அனுப்பினாள். அவள் எழுப்பிய தடைகள் இரண்டு. ஒன்று, வைசேடிகருக்கு அந்த நூல் சொந்த நூல். ஆணை தருபவருக்கு மானியக் குழுவின் ஒழுங்குமுறை சொந்த நூல்தானா, அல்லது வேறொருவர் எழுதியதா? சொந்த நூல் இல்லை என்றால் ஆகம விருத்தம் எழவே எழாது. இரண்டு, நூல் சொல்வது ஒப்பந்த ஆசிரியரைப் பற்றி. நீங்களோ கௌரவ விரிவுரையாளர். பெயர் வேறானால் பக்கமும் வேறாகிவிடாதா?

நான் படித்து மகிழ்ந்த மாணவர் எழுத்துகளில் இதற்கு ஈடான ஒன்று இல்லை. இரண்டாவது தடைக்கு விடை எளிது. கௌரவ விரிவுரையாளர்களுக்கென்றே அதே குழு 2019 ஜனவரியில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மிகாமல் என்று அதில் இருக்கிறது. வாரத்துக்கு 16 மணி நேரம் நடத்திய எனக்கு நான்கு வாரக் கணக்கு 96,000 வரும். உச்சவரம்பினால் 50,000-இல் நிற்கும். எனக்குக் கிடைத்தது 20,000. பெயரை மாற்றிப் பார்த்தாலும் நூலோடு மாறுபாடு நீங்கவில்லை. முதல் தடைக்கு இப்படி விடை எழுதினேன்: என்னைத் தேர்ந்தெடுக்கும்போது நெட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ இருக்கிறதா என்று கேட்டார்கள், அந்தத் தகுதி அதே ஒழுங்குமுறையில் சொல்லப்பட்டது. என்னை அளக்க எந்த நூலைக் கையில் எடுத்தார்களோ அந்த நூலைத் தங்கள் நூலாக அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அளக்கும் பகுதி மட்டும் எங்களுடையது, கொடுக்கும் பகுதி வேறொருவருடையது என்று ஒரே நூலைப் பிரிக்க முடியாது.

இதை எழுதும்போதும் எனக்குப் பயம் இருக்கிறது. இவ்வாண்டும் நான் கௌரவ விரிவுரையாளர்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஏழு மணிக்கு அவள் அழைக்கிறாள். அன்று விட்டுப்போன ஏதுப் போலிகளை இரண்டு நூல்களையும் வைத்துக்கொண்டு படிக்கிறோம். வேறு இரண்டு தோழிகளும் சேர்ந்திருக்கிறார்கள். ஏது நிலைபெறாத போலிகளான நான்கு அசித்தங்களில் இரண்டாவதான அன்னியதராசித்தத்தில் இருக்கிறோம். வாதம் செய்யும் இருவரில் ஒருவர் ஒப்புக்கொள்ளாத ஒன்றை மற்றவர் ஏதுவாகக் காட்டுவது அது. சென்ற வாரம் அந்த வரியைப் படித்து முடித்ததும் அவள் நிறுத்தினாள். “மேடம், அது அவங்களோட நூல்தான்னு நீங்க காட்டின ஏது இருக்கே, அதை அவங்க ஒத்துக்கலைன்னா, அது இந்த அசித்தம்தானே?” என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.